பிசையக் கூடாத ரொட்டி

ஐரிஷ் சோடா பிரெட்டுக்கு வேண்டியது நான்கே பொருள்: மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது, சர்க்கரை கிடையாது. வெண்ணெய்கூட வெந்த பிறகு மேலே தடவத்தான். மாவைக் கலக்க ஆரம்பித்ததிலிருந்து ரொட்டி வெந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். அதில் கைவேலை பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. இவ்வளவு சுலபமான பண்டம் பல வீடுகளில் கல்லாக வந்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ரொட்டி என்றாலே அடித்துப் பிசைந்து ஊறவைக்க வேண்டும் என்று கை பழகியிருக்கிறது. இந்த ரொட்டியைக் கெடுப்பது அந்த அக்கறை.

அயர்லாந்தில் இது வேரூன்றியதற்கு அந்த மண்ணின் கோதுமை ஒரு முக்கியக் காரணம். மழையும் மிதமான குளிருமாக இருக்கும் அந்த ஈரத் தட்பவெப்பத்தில் விளைவது பெரும்பாலும் மென்ரகக் கோதுமை. அதில் புரதம் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு, அந்தப் புரதம் நீர் பட்டு உருவாக்கும், இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும் வலுவான குளூட்டன் வேண்டும். ஈஸ்ட் மணிக்கணக்கில் மெதுவாக விடும் வாயுவைப் பிடித்துவைக்க அதுதான் உதவும். மென்கோதுமை மாவுக்கு அந்தத் தெம்பு போதாது. சோடாவின் வேலை வேறு மாதிரி. மோர் பட்டதுமே வாயு கிளம்பிவிடும். அது தப்பி ஓடுவதற்குள் ஓவன் சூட்டில் மாவு இறுகி நின்றுவிட்டால் போதும். இதற்கு வலுவான குளூட்டன் தேவையில்லை, இருந்தால் தொந்தரவு.

இதைப் பழங்காலத்து கெல்டிக் ரொட்டி என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். சமையல் சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதே 19-ஆம் நூற்றாண்டில்தான். 1830-களில் அது அயர்லாந்து வீடுகளுக்குள் வந்தது. 1836-லேயே சோடாவும் புளித்த மோரும் சேர்த்த ரொட்டிக் குறிப்பு அச்சில் வந்துவிட்டது. அயர்லாந்தின் வடக்கே உள்ள டவுன் (Down) மாவட்டத்துப் பத்திரிகை ஒன்றில் வந்ததை லண்டன் வேளாண் இதழ் எடுத்துப் போட்டது. அதற்கு மேல் பரவ எல்லாமே தோதாக இருந்தது. வெண்ணெய் கடைந்த வீட்டில் மோர் மிச்சமிருக்கும். ஏழைக் குடியானவர் வீட்டில் ஓவன் இருக்காது, ஆனால் அடுப்படியில் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகள் எரிந்துகொண்டிருக்கும். அதன்மேல் பாஸ்டிபிள் என்ற கனத்த வார்ப்பிரும்புச் சட்டியைத் தொங்கவிட்டு, உள்ளே ரொட்டியை வைத்து மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் சூடு. சட்டியே ஓவன்.

முதலில் சோடாக் கணக்கு. இது புரிந்தால் பாதி ரொட்டி வெந்த மாதிரி. சோடா ஒரு காரம். மோரின் புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருவது. இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயு, தண்ணீர், சுவையைப் பெரிதாகப் பாதிக்காத ஓர் உப்பு. புளித்த மோரில் ஏறத்தாழ 0.9 சதவீதம் அமிலம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 400 மில்லி மோரில் 3.6 கிராம் அமிலம் இருக்கும். அது 3.4 கிராம் சோடாவைச் சரிக்கட்டும். மாவுக்கும் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. ஆக, 4 கிராம் சோடா பாதுகாப்பான அளவு. தட்டையாக வழித்த முக்கால் தேக்கரண்டியைவிடச் சற்றே அதிகம். பல குறிப்புகள் ஒரு தேக்கரண்டி என்கின்றன. வழித்த ஒரு தேக்கரண்டி என்றால் 5 கிராமுக்குப் பக்கம், அதுவும் சமாளிக்கும் அளவுதான். ஆனால் குவித்து எடுத்தால் 7, 8 கிராம் வந்துவிடும். அமிலம் கிடைக்காமல் மிஞ்சிய சோடா ஓவன் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அப்போதுதான் ரொட்டி உள்ளே மஞ்சளடித்து, சோப்பு நாக்கில் பட்டது போன்ற கசப்போடு வரும். நன்றாக உப்பட்டும் என்று கூட ஒரு சிட்டிகை போடும் ஆசையை அடக்கிக்கொள்ளவும். அதிகச் சோடாவுக்கேற்ற அமிலம் மோரில் இல்லை.

இனி மோர். குறிப்புகளில் வரும் மோர் வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சுவது, அல்லது இன்று அங்கே கடைகளில் விற்பது போலப் பாலை நுண்ணுயிர் விட்டுப் புளிக்கவைத்தது. இரண்டும் கொழகொழவென்று, டம்ளரின் உள்பக்கம் ஒட்டும் பதத்தில் இருக்கும். நாம் வெயிலுக்குக் குடிக்கும் நீர்மோரை அப்படியே ஊற்றினால் தண்ணீர்தான் அதிகம், புளிப்பு போதாது, ரொட்டி உப்பாது. தமிழ்நாட்டுச் சமையலறையில் செய்ய நல்ல வழி இது: முந்தைய நாள் உறைந்து புளித்த கெட்டித் தயிர் 300 கிராம், தண்ணீர் 100 மில்லி, கட்டியில்லாமல் மத்தால் கடையவும். காலையில் உறைந்து இன்னும் இனிப்பு மாறாத தயிர் வேண்டாம். பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்ததை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தயிரே இல்லையென்றால் 375 மில்லி பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரிந்து தடிக்கும். வேலை நடக்கும், தயிர் தரும் வாசனை வராது.

மாவுக்கு மைதாவே பொருத்தம். ஈஸ்ட் ரொட்டிக்குப் போதாது என்று குறை சொல்லப்படும் மைதா இங்கே தகுதி பெறுகிறது. பையின் பின்புறம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 9, 10 கிராம் என்றால் சரி. 12-க்கு மேல் உள்ள பிரெட் மாவு வேண்டாம். டப்ளினிலோ கார்க்கிலோ இருக்கும் தமிழர்கள் கடையில் ‘கிரீம் ஃபிளவர்’ என்ற பையை எடுக்கலாம், ‘ஸ்ட்ராங் ஃபிளவர்’ பையைத் தொட வேண்டாம். அங்கே சமையல் சோடா ‘பிரெட் சோடா’ என்ற பெயரில் இருக்கும். வட அயர்லாந்தில் ‘சோடா பிரெட் ஃபிளவர்’ என்று உப்பவைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்த மாவும் விற்கிறது. அதில் மறுபடி சோடா போட்டால் மேலே சொன்ன சோப்புக் கதைதான். பேக்கிங் பவுடரை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. மோரின் புளிப்பு செலவாகாமல் நின்று ரொட்டி வேறு ருசியாகிவிடும்.

அளவு: மைதா 450 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சோடா 4 கிராம், மோர் 350 முதல் 400 மில்லி. வேறெதையும் தொடும் முன் ஓவனை 230 டிகிரி செல்சியஸில் வைத்துச் சூடேற்றவும். ஓடிஜி எனும் சிறிய மின் ஓவன் என்றால் முழுசாக இருபது நிமிடம் விடுங்கள். விளக்கு அணைந்ததை நம்பக் கூடாது, உள்சுவர்கள் சூடாகியிருக்காது. தட்டில் மாவு தூவித் தயாராக வைத்துக்கொள்ளவும். மோர் ஊற்றிய பிறகு தட்டைத் தேடக் கூடாது.

சோடாவில் கட்டி தட்டியிருக்கும். உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கி, மாவு, உப்போடு சேர்த்துச் சலிக்கவும். சலிக்காமல் விட்டால் வெந்த ரொட்டியில் பழுப்புப் புள்ளிகள் தெரியும், அந்த இடம் வாயில் பட்டால் முகம் கோணும். அகலமான பாத்திரம் நல்லது. நடுவில் குழி செய்து, முதலில் 350 மில்லி மோரை மொத்தமாக ஊற்றவும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நனைந்த இடம் பிசுபிசுத்து, காய்ந்த இடம் காய்ந்தபடியே நிற்கும். இரண்டையும் சேர்க்கப் போய்ப் பிசைந்துவிடுவோம். ஒரு கையை விரல் விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றி ஓரத்துக்கு வாருங்கள். மற்றக் கை பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றட்டும். அரை நிமிடத்தில் மாவு திரண்டுவிடும். அடியில் உலர்மாவு மிஞ்சினால் மட்டும் மீதி மோரைத் தெளிக்கவும். போண்டா மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட நல்ல இளக்கம். கையில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டுகிறதே என்று மாவு சேர்த்துக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் பிழை. அப்படிச் சேர்த்த மாவுதான் நாளைக்குத் தொண்டையில் அடைக்கும்.

கையைக் கழுவித் துடைத்து, மாவு தூவிய மேடையில் இதைக் கவிழ்த்து, ஓரங்களை உள்ளே ஒதுக்கி உருண்டையாக்கிப் புரட்டுங்கள். இரண்டு மூன்று தட்டல் போதும். 4 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம் என்ற அளவில் தட்டையான வட்டமாக வரட்டும். மேற்பரப்பு வழுவழுப்பாக இல்லை, வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது என்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பந்து மாதிரி உருட்டினால் நடு வேகாது.

அடுத்தது சிலுவைக் கீறல். கூரான கத்தியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை, மாவின் பாதி ஆழத்துக்குக் குறையாமல் கீற வேண்டும். ரொட்டியை ஆசீர்வதிப்பது, தேவதைகளை வெளியே விடுவது என்றெல்லாம் அயர்லாந்தில் சொல்வார்கள். நான்கு கால்பகுதிகளிலும் கத்தி நுனியால் ஒரு குத்து குத்துவதும் அந்தத் தேவதைகளுக்காகத்தான். சமையல் கணக்கிலும் கீறல் அவசியம். சீக்கிரம் இறுகும் மேலோட்டில் கீறல் வழியாகச் சூடு நடுவுக்கு இறங்கும், உப்பும் மாவு அந்த வழியாக மலரும். மேலாகக் கோடு போட்டு விட்டுவிட்டால் ரொட்டி தன்னிஷ்டத்துக்கு ஏதோ ஒரு பக்கம் பிளந்து, நடுவில் பச்சைமாவு தங்கிவிடும்.

மோர் ஊற்றியதிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஓவனுக்குள் போயிருக்க வேண்டும். இந்த வாயு இரண்டாம் முறை வராது. மூடி வைத்துவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வரலாம் என்றால் போன் பேச்சுதான் மிஞ்சும்.

230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-க்குக் குறைத்து 25 முதல் 30 நிமிடம். மேல்கம்பி மிக நெருக்கமாக உள்ள ஓடிஜியில் கீழ்த்தட்டில் வைக்கவும். மேலே சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தவும். கடைசி ஐந்து நிமிடம் ரொட்டியைக் கவிழ்த்துப் போட்டால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாகும். வெந்ததா என்று பார்க்க அடியில் விரல் கணுவால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பது போல ‘டொக்’கென்று ஒலித்தால் வெந்தது, மந்தமாக ஒலித்தால் இன்னும் ஐந்து நிமிடம். வெப்பமானி இருக்கிறவர்களுக்கு நடுவில் 95 டிகிரி. சூடான சோடா பிரெட்டை உடனே வெட்டும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் உள்ளே ஆவி அடங்காதபோது வெட்டினால் கத்தியில் பிசினாக இழுபடும், வேகவில்லையோ என்ற சந்தேகமும் வரும். கம்பித்தட்டில் அரைமணி நேரமாவது ஆறட்டும். மேலோடு மெத்தென்று வேண்டுமென்றால் பருத்தித் துணியில் சுற்றி ஆறவைக்கவும், மொறுமொறுப்பு வேண்டுமென்றால் சுற்ற வேண்டாம்.

மூடியுள்ள கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரம் இருந்தால் பாஸ்டிபிள் முறையைக் கிட்டத்தட்ட வீட்டிலேயே கொண்டுவரலாம். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்தே 220 டிகிரிக்குச் சூடாக்கி, மாவை பேக்கிங் காகிதத்தோடு இறக்கி, மூடி போட்டு 30 நிமிடம், மூடி எடுத்து 10 முதல் 15 நிமிடம். உள்ளே அடைபடும் ஆவியால் மேலோடு தாமதமாக இறுகும், உயரம் கொஞ்சம் கூடும்.

வெள்ளை ரொட்டி விருந்தாளிக்கு என்றால், அயர்லாந்தில் அன்றாடத்துக்குப் பழுப்பு ரொட்டி. வடக்கே அதற்கு வீட்டன் பிரெட் என்று பெயர். ருசியில் இதுதான் மேல் என்பது எங்கள் கட்சி. புகையூட்டிய சால்மன் மீனோடு இதன் ஒரு துண்டைத் தின்றவர்கள் வெள்ளை ரொட்டிப் பக்கம் திரும்புவது அரிது. 225 கிராம் முழுக்கோதுமை மாவு, 225 கிராம் மைதா, உப்பும் சோடாவும் முன்போலவே, மோர் மட்டும் 400 முதல் 450 மில்லி. அங்கே இதற்கு எடுக்கும் முழுக்கோதுமை மாவு கொரகொரப்பானது, தவிடு கண்ணுக்குத் தெரியும். நம் ஆட்டா மிக நைசாக அரைபட்டது. சக்கி எனும் அரைகல்லின் அழுத்தத்தில் மாவுச்சத்துத் துகள்கள் உடைவதால் தண்ணீரை அதிகம் குடிக்கும். ஆட்டாவை மட்டும் வைத்துச் செய்தால் ரொட்டி அடர்ந்து கனத்துவிடும். 225 கிராமில் 40 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமைத் தவிடு சேர்த்தால் அந்தக் கொரகொரப்பு ஓரளவு வந்துவிடும். ஒரு கைப்பிடி ஓட்ஸும் சேர்க்கலாம். தவிடு நீரை இழுக்க நேரம் எடுக்கும் என்பதால் பழுப்பு மாவு கலக்கும்போது வெள்ளையைவிடச் சற்றுத் தளர்வாகவே தெரிய வேண்டும். மிகத் தளர்ந்துவிட்டால் கவலை வேண்டாம், எண்ணெய் தடவிய ரொட்டி டின்னில் ஊற்றி 190 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம் வேகவிடலாம். அயர்லாந்திலேயே பல வீடுகளில் இப்படித்தான். விதைகள் சேர்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சூரியகாந்தி விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்ந்து பச்சை நிறம் கொடுக்கும். மறுநாள் வெட்டும்போது விதையைச் சுற்றிப் பாசி படிந்தது போல இருக்கும். பூஞ்சணம் என்று தூக்கிப் போட வேண்டாம், சாப்பிடலாம். பச்சை அதிகமாகத் தெரிந்தால், சோடா அளவு கூடிப்போனதா என்று அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கு, அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் இருப்பவர்கள் வழி வைத்திருக்கிறார்கள்: ஃபார்ல். தட்டையான இரும்புக்கல்லில் சுடுவது, தோசைக்கல் தாராளமாகப் போதும். 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சோடா, 200 மில்லி மோர். அதே அரை நிமிடக் கலவை. மாவு தூவி ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டவும். கல்லில் எண்ணெய் வேண்டாம். சூடு சரியா என்று அறிய ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் தூவிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் மெதுவாக இளம்பழுப்பாக வேண்டும். போட்டதும் கருகினால் தீ அதிகம். வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். தோசைக்குப் பழகிய கைக்குத் தீ குறைவாகவே தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 7 முதல் 10 நிமிடம். இரண்டு பக்கமும் வெந்தபின் ஒவ்வொரு துண்டையும் வெட்டிய விளிம்பு கல்லில் படும்படி நிமிர்த்தி, ஒன்றோடொன்று சாய்த்து வைத்து ஒரு நிமிடம் காட்டினால் பக்கங்களின் ஈரம் போகும். வட அயர்லாந்தின் காலை உணவான அல்ஸ்டர் ஃப்ரையில் இதைக் குறுக்கே பிளந்து பன்றிக் கொழுப்பில் வறுத்து, உருளைக்கிழங்கு ரொட்டி, முட்டை, சாஸேஜோடு வைப்பார்கள். நெய்யில் வாட்டினாலும் குறை சொல்ல ஏதுமில்லை.

உலர்திராட்சை போட்டது ஸ்பாட்டட் டாக். 450 கிராம் மாவுக்கு 100 கிராம் திராட்சை, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு முட்டை. முட்டையை மோரோடு அடித்து மொத்தம் 400 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும். சர்க்கரை சீக்கிரம் கறுக்கும் என்பதால் 220 டிகிரியில் தொடங்கிப் பத்து நிமிடத்தில் 200-க்குக் குறைத்துவிடுங்கள். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாளுக்கு அமெரிக்காவில் வெண்ணெயும் நிறையச் சர்க்கரையும் சீரகம் போன்ற கேரவே விதையும் சேர்த்துச் சுடுவது கேக்குக்குப் பக்கத்து வீடு. சுவையாகவே இருக்கும். ஆனால் அதைச் சோடா பிரெட்டுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டு, நான்கு பொருள் ரொட்டி சப்பென்று இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. இது உப்பு வெண்ணெயோடும் ஜாமோடும் சூப்போடும் தின்ன வேண்டிய ரொட்டி.

கொழுப்பும் சர்க்கரையும் இல்லாததால் இது சீக்கிரம் காய்ந்துபோகும். வெள்ளை ரொட்டி அன்றைக்கே ருசி. மறுநாள் டோஸ்ட் செய்துதான் சாப்பிட முடியும். பழுப்பு ரொட்டி துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் வேகமாக விறைத்துவிடும். ஆறியவுடனே துண்டு போட்டு, துண்டுகளுக்கு இடையே காகிதம் வைத்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் வரை நிற்கும். உருகவைக்க வேண்டாம், எடுத்த துண்டை நேராக டோஸ்டரில் வைத்துவிடலாம்.